வேதமணி விட்ட இடைவெளி

ஜனவரி 27, திங்கள்

தேவஇரக்கம் சாருக்கு இரக்கமெல்லாம் பெயரோடு சரி. புராஜெக்ட் முடியும்வரை தினமும் நோட்டு எழுத வேண்டுமாம். அவருக்குக் காட்ட ஒரு நோட்டு போட்டாயிற்று. அதில் "இன்று எழுத்துருக்களின் வரலாற்றை ஆராய்ந்தேன்" என்று நல்ல பிள்ளையாக எழுதியிருக்கிறேன். இது இரண்டாவது நோட்டு. இதில் நல்ல பிள்ளை கிடையாது.

பெயர் பிரிஸ்கில்லா. வயது பதினேழு. சிவகாசியில் அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ, இரண்டாம் ஆண்டு. வகுப்பில் பிஸ்கட் என்பார்கள். பிரிஸ்கில்லா என்று முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நான் எதையாவது செய்துவிட்டு ஓடியிருப்பேன், அதனால்.

போன வியாழக்கிழமை செய்தது இது. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காரும் மாரீஸ்வரி, இடுப்புக்குக் கீழே தொங்கிய ஜடையைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். தினம் ஒரு சாவுப் போஸ்டர் ஒட்டுகிற ஊரில், அவ்வளவு பெரிய ஜடை போனதற்கு ஒன்று ஒட்டக்கூடாதா? நடுவில் மாரீஸ் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கறுப்புப் பட்டையில் பெரிதாக "கண்ணீர் அஞ்சலி". கீழே சின்ன எழுத்தில்: "எங்கள் மாரீஸ்வரியின் ஜடை. தோற்றம்: ஒண்ணாம் வகுப்பு. மறைவு: பியூட்டி பார்லர், இரண்டாவது நாற்காலி. இவண்: பின்னலைப் பிரிந்து வாடும் பேன்கள், ரிப்பன்கள்."

லேப் மெஷினில் பன்னிரண்டு காப்பி. பதினொன்று காம்பவுண்டுக்குள். ஒன்றை மட்டும் சுவரின் வெளிப்பக்கம், ரோட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஒட்டினேன். நல்ல படைப்பு நாலு பேரிடம் போய்ச் சேர வேண்டாமா?

நாலு பேரில் ஒருவர் மாரீஸின் அம்மா. அன்று மாரீஸுக்குப் பிறந்தநாள். சாத்தூர் பக்கத்திலிருந்து நாலு பத்து பஸ்ஸில் பணியாரத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படத்தைச் சாவுப் போஸ்டரில் பார்த்ததும் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடி விழுந்துவிட்டார்கள். கையில் லேசான சுளுக்கு. இடது கால் செருப்பு அறுந்து ஓடையில் விழுந்ததாம். தூக்குச்சட்டி உருண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய் நின்றதாம். எல்லாம் கேள்விப்பட்டது. நான் கேன்டீனில் இருந்தேன்.

பிரின்சிபால் என் டி.சி.யை டைப் அடித்துவிட்டார். தேவஇரக்கம் சார் அதை வாங்கித் தன் டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

"இதுல தேதி மட்டும் போடல. பிப்ரவரி இருபத்தெட்டு எக்ஸிபிஷன். நீ என்ன கொண்டுவர்றேன்னு பாத்துட்டு, தேதி போடுறதா வேண்டாமான்னு பாப்பேன்."

"யார்கூட சார் சேந்து செய்யணும்?"

"உன்கூட யாரும் சேர மாட்டேன்றாங்க."

மாரீஸ் பேசி நாலு நாள் ஆகிறது. எண்ணிக்கொண்டெல்லாம் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

புராஜெக்ட் இதுதான். குலுக்கலில் ஓர் எழுத்துரு வடிவமைப்பாளரின் பெயர் வரும். அவரைப் படித்துவிட்டு, அவர் வழியில் எழுத்துகளை உணர்ச்சியோடு பேசவைக்க வேண்டும். படம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேசுவது எழுத்தாக இருக்க வேண்டும்.

எனக்கு வந்த சீட்டில் "வேதமணி".

"சார், வேதமணிங்கிறது ஃபாண்ட்டுல்ல? ஆளு பேரு வரும்னீங்க."

"ஆளுதான்."

"ஆளா?"

வகுப்பே சிரித்தது. மாரீஸ் சிரிக்கவில்லை.

ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? அப்பா வேலை பார்க்கும் பிரஸ்ஸில் "தலைப்புக்கு வேதமணி போட்டுரு" என்பார்கள், சாம்பாருக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி. உப்புக்கு அப்பா அம்மா இருப்பார்கள் என்று யார் யோசித்தார்கள்?

நூலகத்தில் அவர் பேச்சு ஒன்று நாற்பது பக்கப் புத்தகமாக இருக்கிறது. ஓர் எழுத்துருவுக்குப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். "ழ"வுக்கு மட்டும் நாலு மாதம். (எனக்கு அதை உச்சரிக்கவே மூன்று வருஷம் ஆனது. மனுஷன் வேகம்தான்.)

கிண்டலோடு நூலகத்தை விட்டு வெளியே வந்தேன். வந்ததும் மாட்டிக்கொண்டேன். பஸ் போர்டில் அவர். மெடிக்கல் ஷாப் பலகையில் அவர். மாத்திரை அட்டையில், பால் பூத்தில், சர்ச்சில் பாட்டு நம்பர் போடும் பலகையில், என் பஸ் பாஸில், எதிர்வீட்டுச் சுவரில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்பதில்கூட அவர். காலையில் கண் விழித்ததிலிருந்து இந்த மனுஷன் கைபட்டதைத்தான் பதினேழு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள்கூட என்னிடம் "நான்தான்" என்று சொல்லவில்லை.

நான் ஒரு போஸ்டர் ஒட்டினாலே ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

ஜனவரி 30, வியாழன்

அப்பாவின் பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே மெஷின் ஓட்டும் ராம்சகல் அண்ணனுக்கு ஊர் பீகார். நாள் முழுக்கத் தமிழை அச்சடிப்பார், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. புள்ளி பார்க்கும் லென்ஸை அவரிடம் வாங்கி, பிளேட்டில் இருந்த "ண"வின் மேல் வைத்துக் கண்ணை ஒட்டினேன்.

கோடும் கோடும் சேரும் மூலையில் எல்லாம் ஒரு சின்ன வெட்டு. எலி கொறித்த மாதிரி.

"அண்ணே, பிளேட்டு போச்சு. டேமேஜ்."

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "டேமேஜ் இல்ல சிஸ்டர். சீப் பேப்பர்ல மை ஓடும். மூலைல போய் நிக்கும். அதுக்கு இவரு ஜாகா, எடம், விட்டிருக்காரு. பாருங்க."

அதே பிளேட்டில் அடித்த தாளை நீட்டினார். லென்ஸை வைத்தேன். வெட்டைக் காணோம். மை வந்து உட்கார்ந்து, மூலை கூராக, சுத்தமாக இருந்தது.

வெகுநேரம் லென்ஸை எடுக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆள், மட்டமான தாளில், மட்டமான மையில் தன் எழுத்தை நாசம் செய்யப்போகிறான் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவனைத் திட்டவில்லை. அவன் செய்யப்போகும் தப்புக்கு, அரை மில்லிமீட்டர் இடம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் போனதைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

மாரீஸ் ஜன்னல் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். அங்கே காற்று நன்றாக வரும், அதனால் இருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்று மாதிரி கொண்டுபோனேன். "வடை"யில் "ட"வை வட்டமாக்கி நடுவில் ஓட்டை. "கொசு" தாளின் ஒரு மூலையில் எறும்பு அளவுக்கு. "பவர்கட்" முழுக் கறுப்புத் தாள்.

சார் மூன்றையும் என்னிடமே திருப்பித் தந்தார். "படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஜோக்கு. தெரியாதவனுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு சார் எழுத்து?"

"புக்க முழுசாப் படிச்சியா?"

படிக்கவில்லை. இன்று படித்தேன். வேதமணி புது எழுத்து வரைந்ததும் படித்தவர்களிடம் காட்டவே மாட்டாராம். "படிக்கத் தெரிந்தவர் சொல்லைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பார்த்ததாகச் சொல்வார்" என்கிறார். மீன் சந்தைக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாதவர்களை நாற்பது காலடி தள்ளி நிற்கவைத்து, எழுத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்பாராம்: "இது என்ன செய்யுது?" என்ன எழுதியிருக்கிறது என்று இல்லை. என்ன செய்கிறது. ஒரு தடவை "வருக" என்ற பலகையைப் பார்த்து ஒரு மீன்காரம்மா "வெளிய போன்னு சொல்லுது" என்றார்களாம். அந்த எழுத்தை அவர் திரும்ப ஒரு வருஷம் வரைந்தாராம்.

"நீயும் அஞ்சு பேர்கிட்டக் கேளு" என்றார் சார். "படிக்கத் தெரியாத அஞ்சு பேரு."

"நம்ம வகுப்புல பாதிப்பேரு இருக்காங்க சார்."

இந்த முறை அவரே சிரித்துவிட்டார்.

ராம்சகல் அண்ணன் ஒன்று. எங்கள் தெருவில் கொய்யாப்பழம் விற்கும் அன்னக்கொடி அக்கா இரண்டு. பக்கத்து வீட்டு ஸ்டெஃபிக்கு மூன்று வயது, அவள் மூன்று. பள்ளிக்கூடம் பக்கம் போகாத எங்கள் டீக்கடை மாஸ்டர் நாலு. ஐந்தாவதாக யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நடந்ததைச் சாரின் நோட்டில் எழுதவில்லை.

ராம்சகல் அண்ணனைப் பிரஸ் வாசலில் நிற்கவைத்து, நாற்பது காலடி தள்ளி நின்று ஒவ்வொரு தாளாகப் பிடித்தேன். சாய்ந்த எழுத்துக்கு "ஓடுது" என்றார். குண்டு எழுத்துக்கு "சாப்பிட்டாச்சு" என்றார். அவருக்கே குஷி. பைக்குள் கையை விட்டு அடுத்த சுருளை எடுத்து விரித்தேன்.

தப்பான சுருள். மாரீஸ் போஸ்டரின் முதல் புரூஃப், இத்தனை நாள் பையிலேயே கிடந்திருக்கிறது.

அண்ணன் முகம் மாறியது. அங்கிருந்தே இரண்டு கையையும் கூப்பினார். பிறகு ஓடி வந்தார்.

"சின்னப் பொண்ணு சிஸ்டர். எப்படி ஆச்சு?"

"சாகல அண்ணே. முடி வெட்டிட்டா. ஜோக்கு. இங்க பாருங்க, கீழ எழுதியிருக்கு. பேன், ரிப்பன்…"

நான் ஒவ்வொரு வரியாக விளக்கினேன். அவர் அந்த வரிகளைப் பார்க்கவே இல்லை. மேலே அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ சின்னது சிஸ்டர். மேல பெரிசு சொல்லிடுச்சு."

இன்னொன்றும் இன்று தெரிந்தது. சாத்தூர் ஆஸ்பத்திரியில் மாரீஸ் அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. ஆறு வாரம். அவர்களுக்கு வேலை தீப்பெட்டி ஆபீஸில்; கையில்லாமல் அங்கே என்ன செய்ய முடியும்? முன்னால் சுளுக்கு என்று எழுதியிருந்தேன். அது அப்போது கேள்விப்பட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிரஸ்ஸில் ஒரு கல்யாணப் போஸ்டரும் ஒரு சாவுப் போஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே நின்றால் ஒரு பக்கம் மேளம் கேட்கிறது, ஒரு பக்கம் ஒப்பாரி கேட்கிறது. கண்ணால் கேட்கிறது. எந்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள் என்று லென்ஸோடு போனேன்.

இரண்டும் வேதமணி. அதே "க". அதே "ண". வெட்டு முதற்கொண்டு அதே.

ஸ்கேலை வைத்து அளந்தேன். சாவில் எழுத்துகள் தோளோடு தோள் இடித்து, மூச்சு விட இடமில்லாமல், கூட்டத்தில் நெருங்கி நிற்கிற மாதிரி நின்றன. கல்யாணத்தில் அதே ஆட்கள் கைவீசி நடக்க இடம் இருந்தது. நடுவில் வெள்ளை ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம். எழுத்து மாறவில்லை. இடைவெளிதான் மாறியிருக்கிறது.

புத்தகத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் சொல்லியிருக்கிறார்: "நான் கறுப்பை வரைவதில்லை. வெள்ளை போகும் வழியை அடைக்காமல் இருக்கிறேன்." போன வாரம் இதைப் படித்தபோது பெரிய மனிதர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று தாண்டிப் போயிருந்தேன்.

மத்தியானம் முழுக்க இரண்டு போஸ்டருக்கும் நடுவிலேயே நின்றேன். அப்பா வந்து "என்ன பிள்ள, சாமி வந்துருச்சா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட.

பிப்ரவரி 12, புதன்

லேப் வாசலில் மாரீஸ் நின்றாள். இருபது நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"எங்கம்மா வந்தப்ப நீ எங்கடி இருந்த?"

"கேன்டீன்ல."

"கேன்டீன அன்னைக்கு மூணு மணிக்கே பூட்டிட்டாங்க. கேஸ் தீந்துபோச்சு. நான் டீ குடிக்கப் போயிட்டுத் திரும்பி வந்தேன்."

லேபுக்குள் போய், ஓடாத மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 15, சனி

காம்பவுண்டு சுவரை ஒட்டி வாட்ச்மேன் ரூம் இருக்கிறது. அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் அந்த ரூமுக்குப் பின்னால் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் போஸ்டரைப் பார்த்து என்ன முகம் காட்டுகிறார்கள் என்று வீடியோ எடுக்க. வகுப்பில் போட்டுக் காட்டிச் சிரிக்க.

நாலு பத்து பஸ்ஸிலிருந்து மாரீஸ் அம்மா இறங்கினார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். போஸ்டர் ஒட்டும்போது அது ஞாபகத்தில் இல்லை. இறங்கியபோது ஞாபகம் வந்தது.

அவர்கள் சத்தம் போடவில்லை. முதலில் சிரித்தார்கள், மகள் படத்தைப் பார்த்து. பிறகு கண் மேலே போனது, கறுப்புப் பட்டைக்கு.

நான் அப்போது ஓடியிருந்தால் கை உடைந்திருக்காது. ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். அவர்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், சுவரில் படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். கூட்டம் கூடியது. யாரோ "ஜடைக்கும்மா, ஜடைக்குத்தான்" என்றார்கள். அவர்கள் நம்பவில்லை. உள்ளேயிருந்து மாரீஸ் ஓடி வரும்வரை மகள் செத்துப்போனவளாகத்தான் அங்கே நின்றார்கள்.

என் கையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிஷம் எட்டு விநாடி. நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்துதான் நகரவில்லை. வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று மூன்று வாரம் தேடினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாரீஸிடம் சொன்னேன். முழுதாக. போனை நீட்டினேன்.

பத்து விநாடி பார்த்தாள். வீடியோவை அவளே அழித்தாள். போனைத் திருப்பித் தரவில்லை, பெஞ்சின் மேல் வைத்தாள்.

"வேற என்ன?"

"எக்ஸிபிஷனுக்கு உன் போட்டோ வேணும். அதே இடத்துல இன்னொரு போஸ்டர் ஒட்டணும்."

"திமிராடி உனக்கு?"

"உங்கம்மா பாக்குறதுக்கு. எழுத்து தெரியாதவங்க பாத்தாலும் புரியுற மாதிரி…"

"எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாதுன்னு யார் சொன்னா? படிக்கத்தான் தெரியாது. நாப்பது தீப்பெட்டி லேபிள் கலந்து கெடந்தாலும் எழுத்தப் பாத்தே பிரிச்சு வைக்கும். மேஸ்திரியே எங்கம்மாகிட்டதான் கேப்பாரு." எழுந்துவிட்டாள். "அதனாலதான்டி அன்னைக்கு அம்புட்டுத் தூரத்துலயே தெரிஞ்சுபோச்சு."

வேதமணி ஊர் ஊராகத் தேடிய கண். நான் அதற்குக் காட்டியது அந்தப் போஸ்டர்.

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "அதே போட்டோவப் போடு. வேற போட்டா ஒத்துக்க மாட்டேன். எங்கம்மாவ நான் வரச்சொல்றேன். ஆனா நீ எங்க நின்னேங்கிறத நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

பிப்ரவரி 20, வியாழன்

"மன்னிப்பு" என்ற சொல்லை ஒன்பது விதமாக வரைந்தேன். தலைகுனிந்த "ம". முழங்காலிட்ட "ன்". கண்ணீர் சொட்டும் "பு".

அன்னக்கொடி அக்கா நாற்பது காலடியில் நின்று பார்த்தார்கள். "யாரோ ஓட்டுக் கேக்குறாக" என்றார்கள்.

ஸ்டெஃபி அழுதுவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

பஸ் ஸ்டாப்பிலிருந்து சுவர்வரை நடந்து எண்ணினேன். சரியாக நாற்பத்திரண்டு காலடி. வேதமணி சொன்ன தூரம், இரண்டு கூட.

அங்கேயே நின்று யோசித்தேன். அன்று அவர்களுக்கு என் மன்னிப்பு தேவைப்படவில்லை. நான் யார், என்ன நினைத்தேன், ஒன்றும் வேண்டாம். இந்தத் தூரத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு செய்திதான் வேண்டியிருந்தது. வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னாலிருந்து நான் கத்தியிருக்க வேண்டிய ஒரே வார்த்தை.

"இருக்கா."

பிப்ரவரி 25, செவ்வாய்

அதே வேதமணி. அதே கனம். வேறு எழுத்து எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். மாறுவது இடைவெளிதான், கூடவே ஒரே ஒரு வால்.

கறுப்புப் பட்டை போனது. "இ"யைத் தரையில் சப்பணமிட்டு உட்காரவைத்தேன். "ரு"வின் வாலை முதலில் ஜடை மாதிரி நீளமாக இழுத்தேன், பிறகு நறுக்கென்று வெட்டினேன், மாரீஸ் வெட்டிக்கொண்ட மாதிரியே. "க்" மேலிருக்கும் புள்ளி அவள் நெற்றிக்கு நேராக வந்தது, பொட்டு மாதிரி. அதை நான் செய்யவில்லை, தானாக வந்தது. "கா"வின் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கதவைத் திறந்து வைத்த மாதிரி காற்று உள்ளே வந்தது.

டீக்கடை மாஸ்டர் பார்த்தார். "யாரோ வீட்டுக்கு வந்துட்டாக."

ராம்சகல் அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பொண்ணா? நல்லா இருக்குது" என்றார். அவள் நன்றாக இருக்கிறாளா, எழுத்து நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

லேப் மெஷினில் ஒரே ஒரு காப்பி அடித்தேன். மை காயும்வரை பக்கத்தில் நின்றேன். லென்ஸில் பார்த்தால், ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் மை மெல்ல ஏறி, வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் கூட்டம் வந்து உட்காருமே, அந்த அமைதியோடு.

பிப்ரவரி 28, வெள்ளி

சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டி.சி.யில் தேதி போடவில்லை. கிழிக்கவும் இல்லை. தேவஇரக்கம் சார் அதன் பின்பக்கத்தில் எனக்கு மார்க் போட்டு, "பத்திரமா வச்சுக்கோ" என்று கையில் கொடுத்துவிட்டார். இரக்கம் இருக்கிறது. சிக்கனமாக வைத்திருக்கிறார்.

மற்றது சாயங்காலம்.

மற்றவர்களின் வேலை எல்லாம் ஹாலுக்குள் ஃபிரேம் போட்டுத் தொங்கியது. என்னுடையது வெளிச்சுவரில், பழைய பசையின் தடத்தின் மேலேயே. நாலு பத்து பஸ் நாலு இருபத்தைந்துக்கு வந்தது. மாரீஸ் கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் போஸ்டருக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் ரூமுக்கு முன்னால்.

அம்மா இறங்கினார்கள். வலது கை மாவுக்கட்டோடு பழைய சேலைத்துணித் தொட்டிலில். இடது கையில் தூக்குச்சட்டி. நிமிர்ந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள்.

நின்றுவிட்டார்கள்.

பஸ் போய்விட்டது. நடுவில் ரோடு மட்டும். அதே முகம், அதே சுவர், அதே மனுஷி. அவர்கள் தலையைச் சாய்த்தார்கள், லேபிள் பிரிப்பவர்கள் சாய்ப்பார்களே, அப்படி. கண் படத்திலிருந்து மேலே போனது. எழுத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நடந்தது. திரும்பி வந்தது.

பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே ஒரு சத்தம்.

"ஏ மாரீசு! ஒனக்குக் கல்யாணமாடி? எங்கிட்டச் சொல்லாமயா?"

டீக்கடை பெஞ்சே சிரித்தது. மாரீஸ் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்தாறு நாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ரோட்டைத் தாண்டினேன். நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றாக.

"அம்மா, அன்னைக்கு அத ஒட்டுனது நான்."

"தெரியும் தாயி. சொன்னாக."

"நீங்க எறங்குனப்ப நான் அந்த ரூமுக்குப் பின்னாடிதான் நின்னேன். எல்லாத்தையும் பாத்துட்டு நின்னேன். வந்து சொல்லல."

அவர்கள் சுவர்ப்பக்கம் பார்த்தார்கள். அந்த ரூமை. பிறகு என்னை.

"எம்புட்டு நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

"எனக்கு அது பதினோரு நிமிஷமாத் தெரியல."

ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. நான் அங்கேயே நின்றேன். நகரக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"அதுல என்னன்னு எழுதியிருக்க?"

"இருக்கா."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

திரும்பவும் பார்த்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்கள். எழுத்தைப் பார்த்தார்கள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தது.

பிறகு தூக்குச்சட்டியை என் பக்கம் நீட்டினார்கள்.

"இந்தா, பிடி. ஒத்தக் கையோட ரோட்டத் தாண்டப் பயமாருக்கு."

ஒரு கையில் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். சட்டி சூடாக இருந்தது. பணியாரம்.

அவர்களோடு நடந்தால் ஐம்பத்தெட்டு காலடி. மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.